வீட்டுக்கல்வியில் தமிழ் வாசிப்பு: ஸ்டோரிவீவர், ஜெராக்ஸ் கடை, கிளை நூலகம்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் குடும்பங்களில் ஆங்கிலப் புத்தகத்துக்குப் பெரும்பாலும் பஞ்சம் வருவதில்லை. பழைய புத்தகக் கடை, சொந்தக்காரர் கொடுத்தது, இணையத்தில் வாங்கியது என்று அலமாரி தானாக நிரம்பிவிடும். தமிழ்தான் இழுபறி. நான்கு வயதுக்குப் படக்கதை இருக்கிறது, பதினைந்து வயதுக்கு நாவல் இருக்கிறது. நடுவில், அதிலும் எட்டிலிருந்து பதினொன்று வரைக்கும், கையில் எதைக் கொடுப்பது என்று தேடித்தான் எடுக்க வேண்டும். அந்த இடைவெளியைக் கடக்கத் தமிழ்நாட்டு வீட்டுக்கல்விக் குடும்பங்கள் அதிகம் நம்புபவை ஸ்டோரிவீவர் தளம், கிளை நூலகம், மின்வாசிப்புக் கருவி ஆகிய மூன்றும்தான். ஆண்டுக்கணக்கில் புழங்கும்போது எது எந்த வயதில் கை கொடுக்கிறது, எது எங்கே படுத்துகிறது என்று பார்க்கலாம்.

ஸ்டோரிவீவர், பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய இலவசத் தளம். தமிழ்க் கதைகள் நிறைய உண்டு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் இறக்கலாம், அச்சிடலாம், மாற்றி எழுதலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயர்கள் இருக்கும் கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்துவிடக் கூடாது. கதைகள் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன: முதல் நிலை சுமார் 250 சொல்லுக்குள், இரண்டாவது 600 வரை, மூன்றாவது 1,500 வரை, நான்காவது அதற்கும் மேல்.

இந்தக் கணக்கை அப்படியே நம்பினால் தமிழில் ஏமாற்றம்தான். 'போய்க்கொண்டிருந்தார்களாம்' என்பது எண்ணிக்கைக்கு ஒரே சொல். எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு அது அரைப் பக்கம். ஆங்கிலத்தில் இரண்டாம் நிலையாக இருந்த கதை, தமிழுக்கு வரும்போது சொல் குறைந்து எழுத்து கூடிவிடும், நிலை எண் மட்டும் மாறாமல் நிற்கும். ஆகவே தமிழுக்கு ஒரு நிலை கீழே இறங்கி எடுப்பது நல்லது. ஆங்கிலத்தில் மூன்றாம் நிலையைத் தாண்டிய பிள்ளைக்கும் தமிழில் இரண்டாம் நிலை சரியாக இருக்கும். ஒரு பக்கத்தில் ஐந்து சொல் இடறினால் புத்தகம் கடினம் என்ற ஐந்து விரல் சோதனையும் அப்படித்தான். பக்கத்துக்கு நூறு சொல் இருந்தால் அது பொருந்தும். தமிழ் இரண்டாம் நிலைக் கதையில் பக்கத்துக்கு இருபது முப்பது சொல்தான் வரும். அதில் இரண்டு இடறினாலே அந்தக் கதையைப் பெரியவர் வாசித்துக் காட்டும் பட்டியலுக்கு மாற்றிவிடலாம்.

இன்னொரு குறை மொழிபெயர்ப்பின் தரம். யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்து ஏற்றலாம் என்பது இந்தத் தளத்தின் பலம், தொல்லையும் அதுதான். ஒற்று இல்லாமல், ர-ற இடம் மாறி, ஆங்கில வாக்கியத்தை அப்படியே திருப்பிப் போட்ட கதைகளும் உள்ளே இருக்கின்றன. வெளியீட்டாளர் பெயர் பிரதம் புக்ஸ் என்று இருப்பவற்றை முதலில் எடுத்தால் பெரும்பாலும் பிழை குறைவு. மற்றவற்றை அச்சுக்குக் கொடுக்கும் முன்பு பெரியவர் ஒருவர் வாய்விட்டு முழுக்கப் படித்துவிட வேண்டும். கண்ணுக்குத் தப்புவது வாய்க்குத் தட்டுப்படும்.

அச்சிடும்போது என்ன சொதப்பும்

கைப்பேசியில் படிக்க வைப்பது ஒத்து வருவதில்லை. பிள்ளை படத்தைப் பெரிதாக்கிச் சுருக்கி விளையாடும். நாலாவது பக்கத்தில் வேறு ஏதோ திறந்திருக்கும். தாளில் கொடுத்தால்தான் அதே கதை பத்துத் தடவை திரும்ப வாசிக்கப்படுகிறது. தொடக்க வாசகருக்கு அந்தத் திரும்ப வாசிப்புதான் முக்கியம்.

படக்கதைப் பிடிஎஃப்களில் பல கிடைவாக்கில் இருக்கும். இதைப் பிரிண்டரின் புக்லெட் வசதியில் போட்டால் ஏ4 தாளை நடுவில் மடிக்கும்போது ஒவ்வொரு பாதியும் நெடுவாக்காகிவிடும். படம் சுருங்கி மேலும் கீழும் வெள்ளையாக நிற்கும். அதற்குப் பதில் ஏ4 தாளை நெடுவாக்கில் வைத்து, ஒரு பக்கத்தில் இரண்டு பக்கங்கள் மேலும் கீழுமாக வரும்படி அச்சிட்டு, நடுவில் குறுக்கே வெட்டினால் கிடைவாக்கில் ஏ5 அளவுப் புத்தகம் சரியாகக் கிடைக்கும்.

இங்கேதான் எல்லோரும் ஒரு முறையாவது மாட்டுவார்கள். இருபக்க அச்சில் தாளின் முன்புறம் 1, 2, பின்புறம் 3, 4 என்று வரும். வெட்டினால் மேல் பாதியில் 1-க்குப் பின்னால் 3, கீழ்ப் பாதியில் 2-க்குப் பின்னால் 4. கதை குழம்பிப் போகும். பக்கங்களை 1, 3, 2, 4, 5, 7, 6, 8 என்று நான்கு நான்காக மாற்றி அடுக்கினால் வெட்டிய பின் வரிசை சரியாக வரும். இந்த வரிசையைப் பிரிண்ட் பெட்டியில் தட்டினால் சில மென்பொருள்கள் தாமாகவே ஏறுவரிசைக்கு மாற்றிவிடும். பிடிஎஃப் பக்கங்களை முன்கூட்டியே இடம் மாற்றிச் சேமித்துவிட்டு, அதை அச்சுக்கு அனுப்புவது பத்திரம். மொத்தப் பக்கம் நான்கால் வகுபடாவிட்டால் கடைசியில் வெற்றுப் பக்கம் சேர்க்க வேண்டும். நீள விளிம்பில் திருப்பு என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; குட்டை விளிம்பைத் தொட்டால் பின்பக்கம் தலைகீழாக வரும்.

தாள் 100 ஜிஎஸ்எம் (தாளின் எடையைச் சொல்லும் எண்) இருந்தால் மறுபக்கப் படம் அவ்வளவாகத் தெரியாது. 70-இல் தெரியும், தொடக்க வாசகரின் கண் அதிலேயே அலையும். பதினாறு பக்கக் கதைக்கு நான்கு ஏ4 தாள், வெட்டினால் எட்டு ஏடு. சாதாரணப் பத்தாம் நம்பர் ஸ்டேப்ளரே போதும். இடது ஓரத்தில் இரண்டு பின் அடித்தால் போதும்; விளிம்பிலிருந்து அரை சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே போனால் எழுத்து மடிப்புக்குள் மறையும். பின்னின் முனை விரலைக் கிழிக்காமலிருக்க முதுகில் பைண்டிங் டேப் ஒட்டிவிடலாம். இங்க் டேங்க் பிரிண்டரின் மை ஈரக் கை பட்டால் கரையும்; ஜெராக்ஸ் கடையின் டோனர் கரையாது. சாப்பாட்டு நேரத்திலும் புத்தகத்தைத் தொடும் வீடுகளில் இது சின்ன விஷயமில்லை.

செலவைப் பற்றி நேராகச் சொல்லிவிடலாம். கடையில் கலர் ஒரு பக்கம் பத்து ரூபாய் என்று வைத்தாலும் பதினாறு பக்கக் கதைக்கு எட்டு அச்சு, எண்பது ரூபாய். பல நேரம் அச்சுப் புத்தகமே அதைவிட மலிவாகக் கிடைக்கும், தாளும் தடிமன். அச்சில் இருக்கும் கதையை வாங்கிவிடுவதும், அச்சில் இல்லாததைக் கறுப்பு வெள்ளையில் எடுப்பதும்தான் கட்டுப்படியாகும். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பிள்ளைகள் தாங்களே வண்ணம் தீட்டுவார்கள். தீட்டிய புத்தகத்தை அவர்கள் தொலைப்பதில்லை.

வாசிக்கும் நேரம்

வீட்டுக்கல்வியில் மணி அடிக்காது. அது வசதிதான், ஆனால் வாசிப்பு நேரம் நழுவிப்போவதற்கும் அதுதான் காரணம். 'பத்து மணிக்கு வாசிப்பு' என்று சுவரில் எழுதி ஒட்டிய அட்டவணை ஒரு வாரம் தாங்கும். அன்றாட வேலையோடு கோத்துவிட்டால் நிற்கும். காய் நறுக்கும்போது பிள்ளை வாய்விட்டு வாசிப்பது, மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவரவர் புத்தகத்தோடு கால் நீட்டிக் கிடப்பது, இரவில் பெரியவர் வாசித்துக் காட்டுவது. மூன்றும் இருபது நிமிடத்தைத் தாண்டத் தேவையில்லை. காய் நறுக்கும் நேரத்தின் பயன், கேட்பவரின் கண் புத்தகத்தில் இல்லை என்பதே. பிள்ளை பொருள் புரியும்படி வாசித்தால்தான் அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ கதை விளங்கும். பிழை ஒவ்வொன்றையும் நிறுத்தித் திருத்தக் கூடாது. மரம் மறம் ஆனால் விட்டுவிடலாம், கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். தலை தாளை ஆனால் நிறுத்திக் கேட்கலாம்.

இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மூத்தது இளையதுக்கு வாசித்துக் காட்டுவதைப் போல் பலன் தரும் பயிற்சி வேறில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் முதல் நிலைப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் முறைக்கும். தம்பிக்கு வாசித்துக் காட்டு என்றால் அதே புத்தகம் கௌரவமாகிவிடும், சரளமும் சத்தமில்லாமல் வந்து சேரும்.

வரியைத் தொடர விரலைவிட ஈர்க்குச்சி நல்லது. விரல் அடுத்த சொல்லை மறைக்கும். எழுத்தில் தடுமாறும் இடங்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கெ, கே, கை மூன்றிலும் உயிரின் குறி முன்னால் நிற்கிறது, ஓசை பின்னால் வருகிறது. கௌ-வின் கடைசிப் பகுதி ள போலவே இருப்பதால் 'கௌதாரி'யைக் 'கெளதாரி' என்று கூட்டுவார்கள். தெரிந்த சொல்லாக இருந்தால் தானே சரியாகும், தெரியாத சொல் என்றால் சொல்லிக் கொடுப்பதைத் தவிர வழியில்லை. எழுத்து அறிமுகத்தை ட, ப, ம, ய என்று வடிவம் எளிதானவற்றில் தொடங்கினால் இரண்டாம் வாரமே படம், பட்டம், மயம் எனச் சொற்கள் கிடைத்துவிடும். அ முதல் ஔ வரை முடித்துவிட்டுத்தான் சொல்லுக்குப் போவது என்றால் அதற்குள் ஆர்வம் வற்றிவிடும்.

பெரியவர் வாசித்துக் காட்டும்போது 'சென்றான்' என்று இருந்தால் 'போனான்' என்று அந்த நேரத்தில் மாற்றிச் சொல்லும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. கேட்க இனிமைதான். ஆனால் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வரியைப் பார்த்துக்கொண்டிருந்தால் காதுக்கும் கண்ணுக்கும் பொருத்தம் அறுந்துவிடும். அச்சில் உள்ளபடி வாசித்துவிட்டு, கதையைத் திரும்பச் சொல்லும்போது பேச்சுத் தமிழில் விட்டுவிடலாம்.

படித்த புத்தகங்களுக்கு நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதுவது இன்னொரு பொறி. எண்ணிக்கைக்குப் பாராட்டு என்று தெரிந்ததும் பிள்ளைகள் ஒல்லிப் புத்தகமாகப் பார்த்து எடுப்பார்கள். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் திரும்பப் படித்ததையும் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும்.

கிளை நூலகம்

எட்டு வயதுக்கு மேல் அச்சிட்டுக் கட்டுப்படியாகாது. மூன்றாம், நான்காம் நிலைக் கதைகளுக்குப் பக்கமும் அதிகம். இந்த இடத்தில் நூலகத்தை விட்டால் வேறு வழியில்லை. தமிழ்நாட்டுப் பொது நூலகங்கள் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கும் நூலக வரியில் நடப்பவை. நாம் கட்டிய காசுக்கு வாங்கிய புத்தகம்தான், தயங்க வேண்டியதில்லை. உறுப்பினர் ஆகக் கட்டும் வைப்புத்தொகை சொற்பம். பிள்ளை பெயரிலேயே தனி உறுப்பினர் அட்டை வாங்கினால் தவணை தேதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

வீட்டுக்கல்விக்கு ஒரு தனி வசதி, பள்ளி நேரத்தில் போகலாம் என்பது. காலையில் செய்தித்தாள் படிக்க வரும் பெரியவர்கள் கிளம்பிய பிறகு, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் மேசைகளைப் பிடிப்பதற்கு முன் ஒரு இடைவெளி இருக்கும். 'ஸ்கூல் லீவா பாப்பா?' என்ற கேள்வி கட்டாயம் வரும். பிள்ளைக்குத் தயாராக ஒரு பதில் இருக்கட்டும். பல கிளைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வாரக் கடைசி என்று நினைத்துக் கிளம்பும் முன் வாசல் பலகையைப் பார்த்துவிட வேண்டும்.

குறைகளும் உண்டு. சிறுவர் அலமாரியில் நீதிக்கதைத் தொகுப்புகள் குவிந்திருக்கும். அத்தியாயம் பிரித்த கதைகள் கீழ்த்தட்டில் தூசிக்குள் இருக்கும். குனிந்து தேடுவதே வேலை. நேஷனல் புக் டிரஸ்ட்டின் சிறுவர் நூல்கள், புக்ஸ் ஃபார் சில்ரன் வெளியீடுகள், துளிர் என்ற சிறுவர் அறிவியல் மாத இதழின் பழைய பிரதிகள் பெரும்பாலும் அங்கேதான் சிக்கும். சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. இரண்டிலும் சிறுவர் பிரிவு தாராளம். என்றாலும் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் கிளைதான் பழக்கத்தை உண்டாக்கும்.

மின்வாசிப்புக் கருவியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பன்னிரண்டு வயதுக்குக் கீழே வாங்குவது வீண். ஆறு அங்குலச் சாம்பல் திரையில் படக்கதை எடுபடாது, ஏ4 பிடிஎஃப் எறும்பு எழுத்தாகத் தெரியும். தமிழைச் சரியாக அமைக்கத் தெரியாத கருவியில் கொம்பு தனியே பிரிந்து புள்ளி வட்டத்தோடு நிற்கும். வாங்கும் முன் ஒரு தமிழ் ஈபப் (மின்னூல்) கோப்பைத் திறந்து 'கொ', 'கோ' இரண்டையும் பார்த்துவிட வேண்டும். பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் இது வரம்: 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டமும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளமும் இலவசமாகவே பல நூல்களைத் தருகின்றன.

புத்தகம் கெடுவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் போடுவதும், நெருக்கி அடுக்காமல் விடுவதும் பூஞ்சையைத் தடுக்கும். இராமபாணப் பூச்சிக்கு காய்ந்த வேப்பிலை வைப்பதைவிட மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கித் தூசி தட்டி, வெயில் நேரத்தில் நிழலில் வைப்பது பலிக்கும். பாச்சை உருண்டை, பிள்ளைகள் கை வைக்கும் அலமாரியில் வேண்டாம். அச்சிட்ட கதைகளைக் கொடிக்கயிற்றில் துணிக் கிளிப் போட்டு அட்டை தெரியும்படி தொங்கவிட்டால் காற்றும் படும், எடுத்தும் படிப்பார்கள். முதுகு மட்டும் தெரிய அடுக்கிய ஒல்லிப் புத்தகத்தை யாரும் உருவுவதில்லை.

பதின்ம வயதில் தேர்வு வரும்போது வாசிப்பு வேறு மாதிரி ஆகிறது. பள்ளிக்குப் போகாமலே தேர்வு எழுத உதவும் என்ஐஓஎஸ் என்ற தேசியத் திறந்தவெளிப் பள்ளியின் அடிப்படைக் கல்வியில் ஏ, பி, சி நிலைகள் முறையே மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புக்குச் சமம். பத்தாம் வகுப்புக்குப் பதிய 14 வயது நிறைய வேண்டும். கதையாகவே படித்து வளர்ந்த பிள்ளை பாட நூலின் வறண்ட பத்தியில் திணறும். தேர்வுக்கு இரண்டு ஆண்டு முன்பிருந்தே தமிழ்நாட்டு அரசின் அறிவியல், சமூக அறிவியல் பாடநூல்களை எடுத்து, வாரம் ஒரு பாடத்தை வாசித்து, புத்தகத்தை மூடிவிட்டு ஐந்து வரி எழுத வைத்தால் போதும். பாடநூல்கள் பிடிஎஃபாக இலவசமாகவே கிடைக்கின்றன, ஆனால் இவற்றை அச்சிட வேண்டாம். கடையில் விற்கும் விலைக்கு ஜெராக்ஸ்கூட வராது.