யாழ்ப்பாணம் திருநெல்வேலிப் பக்கத்துப் பல் கிளினிக்: பல்லுக்கொதி வரமுதலே போகவேண்டிய இடம்

யாழ்ப்பாணத்தில் நல்ல பல் டொக்டர் யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், காரணம் கேட்டால் அநேகமாக "நோகாமல் கழட்டுவார்" என்பதாகத்தான் இருக்கும். நான் எழுதப்போகிற கிளினிக்கில் கழட்டுவது கடைசி வேலை, அதனாலேயே எனக்கு அதைப் பிடித்திருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு வீட்டின் முன்பகுதியில் நடக்கிற சின்ன இடம், பின்னேரத்தில்தான் திறக்கும். சின்ன மகள் தொடக்கம் அப்பா அம்மா வரைக்கும் எங்கள் வீட்டு ஆட்கள் எல்லாரும் இப்போது அங்கேதான்.

முதலில் சுத்தத்தைச் சொல்லவேண்டும். கதிரையில் இருத்திய பிறகுதான் உதவிக்கு நிற்கிற பிள்ளை கருவிகள் உள்ள பையை எங்கள் கண்ணுக்கு முன்னால் கிழிக்கிறார். அந்தப் பையின் ஓரத்தில் ஒரு சின்ன அடையாளம் இருக்கும், ஓட்டோகிளேவ் (கருவிகளை நீராவியில் அவிக்கிற மெசின்) சூட்டில் அது நிறம் மாறியிருக்கவேண்டும், மாறாத பையைப் பாவிக்கமாட்டார்கள். நீராவி அழுத்தத்தில் 121 பாகை செல்சியஸில் குறைந்தது 15 நிமிடம், இல்லாவிட்டால் 134 பாகையில் 3 நிமிடம், அப்படி அவித்தால்தான் கிருமி முழுதாகச் சாகும். வெறுமனே கொதிதண்ணீரில் போட்டு எடுப்பது காணாது. ஆளுக்கு ஆள் கையுறையும் மாறுகிறது. ரத்தம் படுகிற வேலை இது, எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் இதைக் கேட்க நீங்கள் கூச்சப்படக்கூடாது. நல்ல டொக்டர் கோபிக்கமாட்டார்.

அம்மாவுக்குக் கனகாலமாக முரசில் ரத்தம் வரும். ரத்தம் வருகிறது என்று பயந்து அந்த இடத்தில் பிரஷ் படாமல் விலக்கி விலக்கித் தீட்டுவார், அது இன்னும் கூடிக்கொண்டே போகும். டொக்டர் ஒரு குளிசையைக் கொடுத்துச் சப்பச் சொன்னார், பிறகு கையில் கண்ணாடியைத் தந்தார். ஊத்தை மிஞ்சியிருக்கிற இடமெல்லாம் கடும் ரோசா நிறம். முன்பற்கள் வெளியே பளிச்சென்று இருக்க, கீழ்வாய் முன்பற்களின் உட்பக்கமும் முரசை ஒட்டிய கோடும் முழுக்க நிறம் பிடித்திருந்தது. நாக்குக்குக் கீழே உமிழ்நீர் வருகிற வாசல் இருப்பதால் அந்த உட்பக்கத்தில்தான் காரை, அதாவது கல்லாக இறுகின ஊத்தை, கெதியாகக் கட்டும் என்று விளங்கப்படுத்தி, பிரஷை முரசுப் பக்கம் சரித்துப் பிடித்து மெதுவாக அசைக்கிற விதத்தை அம்மாவின் கையைப் பிடித்தே காட்டிக்கொடுத்தார். வெளியே பத்துப் பேர் இருக்கிறார்கள், மனுசன் அவசரப்படவில்லை. கட்டிய காரையை அன்றைக்கே கிளீன் பண்ணினார்கள். "கிளீன் பண்ணினால் பல் ஆடும்" என்று எங்கள் ஊரில் சொல்லாத ஆள் இல்லை. உண்மையில் காரையில் தங்குகிற கிருமிதான் முரசைப் பழுதாக்கிப் பல்லைப் பிடித்திருக்கிற எலும்பைக் கரைக்கிறது, காரையை எடுத்தவுடன் இடைவெளி நாக்கில் தட்டுப்படும், அதைத்தான் சனம் ஆட்டம் என்று நினைக்கிறது. அம்மாவுக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது. சீனி கூடினால் முரசு பழுதாகும், முரசு பழுதானால் சீனியைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டம் என்று அங்கேதான் தெளிவாகச் சொன்னார்கள். இப்போது தீட்டும்போது ரத்தம் வருவதில்லை.

மகளின் விசயத்தில் எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஆறு வயதளவில் பாற்பற்களுக்குப் பின்னால் ஒரு பெரிய கொடுப்புப் பல் முளைக்கும், அதற்காக எந்தப் பல்லும் விழுவதில்லை, ஆகவே தாய் தகப்பன் அதையும் விழப்போகிற பல் என்றே நினைப்பார்கள். அது சாகும்வரை இருக்கவேண்டிய பல். மகளின் அந்தப் பல்லில் ஆழமான வெடிப்புகள் இருந்தன, சூத்தை தொடங்க முதல் அதற்கு மேலே மெல்லிய பூச்சொன்று பூசிவிட்டார்கள், ஊசியும் இல்லை, நோவும் இல்லை. ரொபியை முற்றாக நிறுத்தச் சொல்லவில்லை, நாள் முழுக்க இடையிடையே தின்னாமல் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கச் சொன்னார், சீனி படுகிற ஒவ்வொரு முறையும் வாயில் அமிலம் ஊறுகிறது என்பதால் அளவைவிட எத்தனை தரம் என்பதுதான் முக்கியமாம். பெரியவர்கள் நாங்கள் மணித்தியாலத்துக்கு ஒரு பிளேன்ரீ சீனி போட்டுக் குடிப்பதும் அந்தக் கணக்குத்தான். மூன்று வயதுக்குள் அரிசியளவு, ஆறு வரைக்கும் பட்டாணியளவு, புளோரைட் உள்ள பற்பசை போதும், தீட்டி முடிந்ததும் நுரையைத் துப்பினால் சரி, வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் புளோரைட்டும் சேர்ந்து போய்விடும். இரவு படுக்கப்போகமுதல் தீட்டுவதைத் தவறவிடக்கூடாது.

அப்பாவுக்கு மேலே கட்டுப்பல். அதைக் கழுவும்போது பேசினில் தண்ணீர் நிரப்பிவிட்டுக் கழுவச் சொன்னார்கள், கை வழுக்கி விழுந்தாலும் உடையாது. கொதிதண்ணீர் பட்டால் வளைந்துபோகும், இரவில் கழட்டித் தண்ணீரில் போடவேண்டும். ஆனால் அப்பாவிடம் டொக்டர் கூடநேரம் கதைத்தது வெற்றிலையைப் பற்றி. கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் ஓரம், நாக்குக்குக் கீழே எல்லாம் விரலால் தடவிப் பார்த்தார். எங்கள் நாட்டு ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். புகையிலை போடாமல் வெறும் பாக்கு வெற்றிலைதானே என்று சமாதானம் சொல்கிறவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே பாக்கையும், புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்திவிட்டது. இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு, வாய் முந்தி மாதிரித் திறக்கமுடியாமல் இறுகுவது, இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த நாளே காட்டுங்கள். ஐயா மாரே, அம்மா மாரே, தயவுசெய்து.

குறைகளும் உண்டு. வாசலில் படி உயரம், பிடித்து ஏறக் கம்பி இல்லை, முழங்கால் வருத்தக்காரருக்குச் சிரமம். சனிக்கிழமையென்றால் நம்பர் எடுத்திருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும், மின்விசிறி ஒன்று போதவே போதாது. வேர்ச்சிகிச்சையும் மலிவில்லை, ஆனால் தொடங்கமுதலே முழுத்தொகையையும் சொல்லிவிடுகிறார்கள், இடையில் தொகை கூடுவதில்லை. வசதி இல்லாதவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் பிரிவுக்குப் போகலாம், அங்கே இலவசம், விடியவே போகவேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று. பல்லுக்கொதி வந்தால் பாமசியில் அன்டிபயோட்டிக் வாங்கிப் போட்டுவிட்டு, நோ குறைந்ததும் மறந்துவிடுகிற பழக்கம் எங்கும் இருக்கிறது. இங்கே கேட்டவுடன் எழுதித் தரமாட்டார்கள், அதற்காகச் சிலர் முகம் சுளித்துக்கொண்டு போவதையும் பார்த்திருக்கிறேன். டொக்டர் செய்வதுதான் சரி. சூத்தைக்குள் இருக்கிற பழுது குளிசையால் போகாது, கராம்பு எண்ணெயும் கொஞ்ச நேரத்துக்கு மரக்கப்பண்ணும், அவ்வளவுதான்.

போகிறவர்கள் முதலே போனில் நம்பர் எடுங்கள், முடிந்தால் கிழமை நாளில். குடிக்கிற மருந்துகளின் துண்டைக் கட்டாயம் கொண்டுபோங்கள், முக்கியமாக ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், அதை நீங்களாக நிற்பாட்டிவிட்டுப் போகவேண்டாம், நிற்பாட்டுவதா இல்லையா என்பதை டொக்டர் சொல்லட்டும்.