பிள்ளை பார்க்க ஆள் தரும் ஏஜென்சி வழியாகச் சம்பள உயர்வு கொடுப்பவர்கள் கவனத்துக்கு

கோவையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் அமர்த்தித் தரும் ஏஜென்சி ஒன்று எங்களையும், எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவையும் ஒரே நேரத்தில் ஏமாற்றியிருக்கிறது. சரவணம்பட்டி, பீளமேடு பக்கம் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள் பல இதே முறையில்தான் ஆள் எடுக்கின்றன என்பதால் இதை எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

ஒரு மாதச் சம்பளத்தைக் கமிஷனாக முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். அதன்பின் மாதச் சம்பளம் 16,000 ரூபாயையும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்ற பெயரில் 2,500 ரூபாயையும் ஏஜென்சியின் கணக்கில்தான் செலுத்த வேண்டும், பணியாளரிடம் சம்பளம் பற்றிப் பேசக் கூடாது என்பது ஒப்பந்தம். ஆண்டு முடிந்ததும், 18,000 ஆக்காவிட்டால் அக்கா வேறு வீட்டுக்குப் போய்விடுவார் என்றார்கள். குழந்தை அவரிடம் நன்றாக ஒட்டிக்கொண்டிருந்த நேரம் அது, ஒப்புக்கொண்டோம். தீபாவளி போனஸாக ஒரு மாதச் சம்பளத்தையும் அவர்கள் வழியாகவே கொடுத்தோம்.

பொங்கலுக்குக் காங்கேயத்துக்குப் புறப்பட்ட அக்காவிடம், போனஸ் பணத்தில் என்ன வாங்கினாய் என்று என் மாமியார் பேச்சுவாக்கில் கேட்டார். "போனஸுங்களா? ஒரு சேலையும் ஒரு டப்பா முட்டாயும் குடுத்தாங்கம்மா. சம்பளமும் அதே பன்னெண்டாயிரந்தானுங்க. நீங்கதான் ஏத்த முடியாதுன்னு சொல்லீட்டீங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க" என்றார். அவர் காட்டிய வங்கிப் புத்தகத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் மாதத்திலிருந்து வரிக்கு வரி 12,000 மட்டுமே பதிவாகியிருந்தது. இத்தனை நாளும் நாங்கள் கஞ்சர்கள் என்று எண்ணியபடியே அவர் எங்கள் பிள்ளைக்குச் சோறு ஊட்டியிருக்கிறார் என்பதுதான் பணம் போனதைவிட உறுத்துகிறது.

பி.எஃப். விஷயம் இதைவிட மோசம். ஒரு குடும்பம் நேரடியாக ஆள் வைத்துக்கொண்டால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏஜென்சி தன் ஊழியராகக் கணக்குக் காட்டி அந்தத் தொகையை வசூலித்தால், பணியாளர் பெயரில் யு.ஏ.என். என்ற 12 இலக்க பி.எஃப். அடையாள எண்ணும், 10 இலக்க இ.எஸ்.ஐ. எண்ணும் இருந்தாக வேண்டும். அக்காவிடம் இரண்டும் இல்லை. ஏஜென்சியிடம் கேட்டபோது முதலில் சர்வர் கோளாறு என்றார்கள். விடாமல் கேட்டதும், அக்காவை நேரடியாக வைத்துக்கொண்டால் அபராதம் கட்ட வேண்டியிருக்கும் என்று மிரட்டத் தொடங்கினார்கள். எந்த ஏஜென்சியானாலும் இந்த இரண்டு எண்களையும் முதல் மாதமே கேளுங்கள். பணியாளரின் கைபேசிக்கு பி.எஃப். குறுஞ்செய்தி வருகிறதா என்றும் அவரிடமே விசாரியுங்கள்.

இப்போது அக்கா எங்களிடம் நேரடியாக வேலை செய்கிறார். 18,000 ரூபாய் அவர் வங்கிக் கணக்குக்கே போகிறது. சித்திரை தோறும் உயர்வு என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். சலுகையாக என்ன வேண்டும் என்று கேட்டபோது அவர் சொன்னது ஏஜென்சியின் பட்டியலில் இல்லாத ஒன்று: நாங்கள் குழந்தையோடு வெளியூர் போகும் நாட்களுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது, ஊர் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) சம்பளத்தோடு விடுப்பு வேண்டும். இரண்டுமே நியாயம். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென 2007 முதல் தனி நலவாரியம் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் போன்றவை அதன் வழியே கிடைக்கும். தொழிலாளர் துறை வழியாக அதில் பதிவு செய்ய விண்ணப்பித்திருக்கிறோம்.

இதே நிலையில் இருப்பவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால், செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். பணம் அனுப்பிய ரசீதுகளையும், சம்பளத்தை உயர்த்தச் சொல்லி வந்த வாட்ஸ்அப் செய்திகளையும் அழித்துவிடாதீர்கள்.

சென்ற வாரம் ஏஜென்சியிலிருந்து அழைத்து, புகாரைத் திரும்பப் பெற்றால் கமிஷனைத் தந்துவிடுகிறோம் என்றார்கள். அக்காவுக்குச் சேர வேண்டிய பாக்கியை முதலில் அவர் கணக்கில் போடுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம் என்று பதில் சொல்லியிருக்கிறோம்.