இருபத்தாறு படி ஏறிப்போய் ஊதிப் பார்க்கும் இடம்

சென்னை தண்டையார்பேட்டைப் பக்கம், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இயங்கும் ஒரு பரிசோதனை நிலையத்தைப் பற்றி எழுதுகிறேன். குழாயில் ஊதச் சொல்லி நுரையீரல் எப்படி வேலை செய்கிறது என்று அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனைக்கு அம்மாவை அங்கே கூட்டிப்போனேன். பெயர் போடவில்லை. போட்டால் அங்கே வேலை செய்யும் ஒரு நல்ல பையனுக்குத் தொல்லை வரும். ஏன் என்பது பாதியில் புரியும்.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். மூச்சு வாங்குகிறவர்கள் வந்துபோகும் இடத்துக்கு 26 படி. லிஃப்ட் கிடையாது. என் அம்மாவுக்கு 64 வயது. பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், "ரிசல்ட்ட நானே சொல்ட்டா? மூச்சு வர்ல. வா, வூட்டுக்குப் போலாம்" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

அடுத்தது, போனில் நேரம் வாங்கும்போது எதுவும் சொல்லமாட்டார்கள். முதல் நாள் போனோம். "காலையில இன்ஹேலர் அடிச்சீங்களா?" என்று கேட்டார்கள். அடித்திருந்தாள். அப்படியானால் இன்று எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சாதாரண சால்பியூட்டமால் பஃப் என்றால் நாலு முதல் ஆறு மணி நேரம் விட்டிருக்க வேண்டுமாம். நீண்ட நேரம் வேலை செய்கிற மருந்தென்றால் இன்னும் அதிகம். இதை முன்னாடியே சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா? அதே 26 படியை மறுநாளும் ஏறினோம்.

மூன்றாவதை என்னவென்று சொல்ல! வரவேற்பு மேசையில் சாமி படத்துக்கு ஊதுவத்தி, மேசைக்கு அடியில் கொசுவத்திச் சுருள். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் வரை எரிந்ததற்குச் சமமான நுண்துகள் வெளியே வரும் என்று 2003-இல் ஒரு ஆய்வே வந்திருக்கிறது. அந்தப் புகையில்தான் இருமிக்கொண்டு டோக்கனோடு உட்கார்ந்திருந்தோம்.

சரி, உள்ளே போனால் கதை வேறு. ஸ்பைரோமெட்ரி எடுக்கிற பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அம்மாவின் உயரம், எடை, வயதைக் குறித்துக்கொண்டு, மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் அட்டைக் குழாயை வைத்தான். மூச்சை முழுக்க இழுத்து, வெடித்த மாதிரி ஊதி, ஆறு விநாடியாவது விடாமல் தொடர வேண்டும். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற மூன்று ஊதலாவது கிடைக்க வேண்டும். அம்மாவுக்கு முதல் இரண்டும் வரவில்லை. கன்னத்தில்தான் காற்று நின்றது. இதே மாதிரி இடங்களில் எரிந்து விழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தான். "ம்மா, ஊதாங்குழல்ல அடுப்பு ஊதுவீங்கல்ல, அந்த மாதிரி ஒரே மூச்சா."

"எவ்ளோ அடுப்பு ஊதிக்கிறேன் தெரியுமா நைனா?" என்று கேட்டுவிட்டு அம்மா ஊதினாள். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது எல்லாம் சரியாக வந்தன.

அங்கேதான் அவன் நிறுத்தினான். "எத்தனை வருஷம்மா அடுப்பு?"

27 வருடம். காசிமேட்டில் படகுக்குப் போகிறவர்களுக்கு விடியற்காலை மூன்று மணிக்கே இட்லி, வடை போட்டவள். 1989-இல் ஆரம்பித்து 2016-இல்தான் கடையை மூடினோம். ஒரு பக்கம் விறகு அடுப்பு, இன்னொரு பக்கம் மரத்தூள் அடுப்பு. மரவாடியிலிருந்து மூட்டையாகத் தூள் வாங்கி, தகர அடுப்பின் நடுவில் பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கெட்டித்து, பாட்டிலை உருவியெடுத்துப் பற்றவைப்பாள். மேலே சாய்ப்பு, மூன்று பக்கமும் தட்டி. புகை போக ஒரே வழி, அவள் முகம் இருந்த பக்கம்.

இப்போது படிவத்துக்கு வருகிறேன். வரவேற்பில் என்னிடம் கொடுத்த தாளில் "புகைபிடிப்பவரா? ஆம் / இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை? எத்தனை வருடம்?" என்று இருந்தது. 'இல்லை' என்று டிக் அடித்தேன். அதோடு முடிந்தது. அடுப்பைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. அந்தப் பையன் தாளை வாங்கி, ஓரத்தில் பேனாவால் "விறகு, மரத்தூள் அடுப்பு, 27 வ." என்று எழுதினான். "இந்த ஃபார்ம் சரியில்லக்கா. சொன்னா மாத்த மாட்டேங்கிறாங்க" என்று மெதுவாகச் சொன்னான். (பெயர் போடாததற்குக் காரணம் இதுதான்.)

அவன் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்று பிறகுதான் தெரிந்தது. சிஓபிடி எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில், பணக்கார நாடுகளில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் புகையிலையால் வந்தது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்மைப் போன்ற நாடுகளில் அது 30 முதல் 40 பேர்தான். மிச்சப் பேரில் அடுப்புப் புகைக்கும் வேலையிடத் தூசிக்கும் பெரிய பங்கு உண்டு. பீடியை மட்டும் கேட்டால் என் அம்மா எந்தக் கணக்கில் வருவாள்?

மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொன்னான். முழுதாக ஊதியது 1.76 லிட்டர். அதில் முதல் விநாடியில் வெளியே வந்தது 1.04 லிட்டர், அதாவது நூற்றுக்கு 59. மருந்துக்குப் பிறகும் இது 70-க்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். ஐந்து வருடமாக 'வீசிங்' என்று சொல்லி ஆவி மருந்து பிடித்து அனுப்பிய இடங்களில் ஒன்றில்கூட அவளை ஊதச் சொல்லவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். பழைய காசநோய்த் தழும்பு மட்டும் தெரிந்தது.

ரிப்போர்ட்டைப் பார்த்த மருத்துவர் அந்த ஓரக் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார். புகையில் வரும் நுண்துகள் சிறிய மூச்சுக்குழாய்களில் வருடக்கணக்கில் புண்ணை ஆறவிடாமல் வைத்து, சுவரைத் தடிக்க வைத்துவிடுமாம். 1994-இல் வந்த காசநோயும் தனியாக ஒரு காரணம் என்றார். வீட்டுக்குள் அப்பா பிடித்த பீடிப் புகையையும் கேட்டு எழுதிக்கொண்டார். துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிய காலத்தில் கொடியில் காய்ந்த துணியெல்லாம் கறுத்துப் போனதைச் சொன்னேன். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் அது நின்றது. அந்தத் தூசியையும் ஒதுக்கிவிட முடியாது, ஆனால் முதல் இடம் அடுப்புக்குத்தான் என்றார். அதே அடுப்பில் கூடவே நின்ற சித்திக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டேன். எல்லா நுரையீரலும் ஒரே மாதிரி தாங்காது, பிறந்தபோது இருந்த எடை, சின்ன வயதில் வந்த சளிக்காய்ச்சல், பரம்பரை எல்லாம் சேரும் என்றார். அம்மா இதைக் கேட்டு, "அவ எங்க நின்னா? கல்லாவுலல்ல குந்தினு இருந்தா" என்றாள். அதுவும் உண்மைதான்.

பணம் 700 ரூபாய், ரிப்போர்ட் அன்றைக்கே கிடைத்தது. நிலையத்துக்கு இரண்டு நட்சத்திரம், பையனுக்கு ஐந்து. போகிறவர்கள் காலை எட்டு மணிக்கே போங்கள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். இன்ஹேலர் எத்தனை மணி நேரம் நிறுத்தலாம் என்று உங்கள் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். படிவத்தில் இடம் இல்லாவிட்டாலும் அடுப்பு, எத்தனை வருடம், பழைய காசநோய் மூன்றையும் ஓரத்தில் எழுதிவிடுங்கள். கீழே மருந்துக்கடைக்காரரிடம் கேட்டால் ஸ்டூல் தருவார். படி திரும்புகிற இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.