பேனர் ஓரம் அடிக்க ‘ஹெவி டியூட்டி’ மெஷின் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

ஃப்ளெக்ஸ் பேனருக்கு ஓரம் மடித்து அடிக்கத் தையல் மெஷின் தேடிக்கொண்டிருப்பவர்கள், காசைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு விற்றவர் பெயரை எழுதவில்லை, விவகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எப்படி ஏமாற்றினார் என்பதைத்தான் எழுதுகிறேன். அதே வேலையை வேறு கடையிலும் செய்வார்கள்.

நாங்கள் கேட்டது தெளிவாகத்தான் கேட்டோம். 440 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 440 கிராம்) ஃப்ளெக்ஸ், ஓரத்தை ஓர் அங்குலம் மடித்து, உள்ளே நாடா வைத்து, நாலு பக்கமும் தையல் போட வேண்டும், ஊசியும், ஃபுட்டும் (மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் பாதம்), கீழிருக்கும் பல்லும் சேர்ந்தே பொருளை நகர்த்தும் காம்பவுண்ட் ஃபீட் மெஷின்தான் வேண்டும். “அதேதான் சார், வாக்கிங் ஃபுட். தார்ப்பாய்கூட தைக்கும்” என்றார். ஓட்டியும் காட்டினார். இரண்டு துண்டு ஃப்ளெக்ஸை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நேராக ஒரே ஓட்டம். தையல் சீராக விழுந்தது. துண்டைக் கையில் வாங்கினால் விரல் வழுக்குகிறது. கேட்டதற்கு, “புது மெட்டீரியல், பளபளப்பு இருக்கும்” என்றார். அது பளபளப்பு இல்லை, ஃபுட்டில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போக அடித்த சிலிக்கோன் ஸ்ப்ரே.

மெஷின் வந்து இறங்கியதும் முதல் வேலையாக ஒரு நீளமான பேனரைப் போட்டோம். ஆரம்பத்தில் சரியாகத்தான் போனது. கொஞ்ச தூரத்திலேயே மேல் மடிப்பு பின்தங்க, கீழே இருப்பது முன்னால் ஓட, ஓரம் முழுக்க அலை அலையாகச் சுருக்கம். கையால் பிடித்து இழுத்துக்கொடுத்தால் ஊசி வளைகிறது. விட்டுவிட்டால் பேனர் நின்ற இடத்திலேயே நிற்க, ஊசி அதே இடத்தில் குத்திக்கொண்டே இருக்கிறது. அப்படிக் குத்தின இடம் தபால்தலை ஓரம் போல ஆகிவிட்டது, லேசாக இழுத்ததும் கிழிந்து வந்தது. துணியென்றால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். ஃப்ளெக்ஸில் விழுந்த ஓட்டை விழுந்ததுதான், மூடாது. பிரிண்ட் போட்ட பேனர் அப்படியே குப்பைக்குப் போனது.

மூலைக்கு வந்தால் கதை இன்னும் மோசம். இரண்டு பக்கத்து மடிப்பும் அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால் நாலு அடுக்கு ஃப்ளெக்ஸ், நடுவே இரண்டு அடுக்கு நாடா. ஊசி விலகி, கீழே நூலைப் பிடிக்கும் ஹூக்கில் இடிக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு தையல் விட்டு விட்டு விழ ஆரம்பித்தது. ஊசியும் ஹூக்கும் சந்திக்கும் டைமிங் போய்விட்டது.

போன் செய்தால் முதலில் “உங்க ஆளுக்கு ஓட்டத் தெரியல” என்றார். அப்புறம் நூல் சரியில்லை, அப்புறம் நூல் டென்ஷன் (இறுக்கம்), அப்புறம் ஃப்ளெக்ஸ் மட்டம். இருபது வருஷமாக பவர் மெஷினில் உட்காருகிற ஆளுக்கு ஓட்டத் தெரியவில்லையாம்! கடைசியில் வெளியிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டோம்.

அவர் மோட்டாரை ஆன் செய்யவே இல்லை. ஒரு துண்டு ஃப்ளெக்ஸை ஃபுட்டுக்கு அடியில் வைத்து, வீலை மெதுவாகக் கையால் சுற்றச் சொன்னார். “ஊசியைப் பாருங்க” என்றார். ஊசி நேராக இறங்கியது, நேராக ஏறியது. அது முழுக்க வெளியே வந்த பிறகுதான் கீழிருக்கும் பல் ஃப்ளெக்ஸைத் தள்ளியது. “இது டிராப் ஃபீட். சட்டை தைக்கிற மெஷின்” என்றார். முன்னால் வாக்கிங் ஃபுட் என்று காட்டினது, ஊசி பாரில் (ஊசியைப் பிடித்திருக்கும் தண்டில்) கொக்கி மாட்டி ஆடவிட்ட ஓர் இணைப்பு, அவ்வளவுதான். ஸ்க்ரூவைக் கழற்றினதும் கையோடு வந்துவிட்டது.

காம்பவுண்ட் ஃபீடில் என்ன நடக்கும் என்றால், ஊசி பேனருக்குள் இறங்கி, உள்ளே இருக்கும்போதே பல்லோடு சேர்ந்து பின்னால் நகரும். ஊசியை ஒட்டியிருக்கும் உள் ஃபுட்டும் கூடவே நகரும். அது மேலே எழும்போது வெளி ஃபுட் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். மேல் அடுக்கு, கீழ் அடுக்கு இரண்டையும் ஊசியே கோர்த்துக்கொண்டு போவதால் ஒன்று முந்தி ஒன்று பிந்த வழியில்லை. ஃப்ளெக்ஸின் மேல் இருக்கும் பிவிசி பூச்சு இரும்பில் ஒட்டிப் பிடிக்கும் குணமுள்ளது. சாதா ஃபுட்டுக்கு அடியில் மேல் அடுக்கு சிக்கிக்கொள்வது அதனால்தான். டெஃப்லான் ஃபுட், ரோலர் ஃபுட் போட்டால் கொஞ்சம் சமாளிக்கலாம், ஆனால் நாடா வைத்த மடிப்புக்கும் மூலைக்கும் அது பற்றாது.

உதாரணத்துக்கு ஜூகி கம்பெனியிலேயே இரண்டு மாடலைச் சொல்கிறேன். டிடிஎல்-8700 அருமையான மெஷின், நிமிஷத்துக்கு 5500 தையல் வரை போகும். ஆனால் டிராப் ஃபீட், தையல் நீளம் 4 மி.மீ., கனத் துணிக்கான ‘எச்’ ரகத்தில் 5 மி.மீ. டிஎன்யு-1541 காம்பவுண்ட் ஃபீட், வேகம் அதில் பாதிகூட இல்லை, தையல் நீளம் 9 மி.மீ. வரை வைக்கலாம். முதலாவது கெட்ட மெஷின் இல்லை, அது பேனருக்கானது இல்லை. அந்த ‘எச்’சைக் காட்டித்தான் பல பேர் “ஹெவி, எதையும் தைக்கும்” என்று தள்ளிவிடுகிறார்கள். கனத்தைத் துளைப்பது வேறு, வழுக்காத பொருளை இழுத்துக்கொண்டு போவது வேறு.

ஊசியைப் பார்த்தாலும் ஓரளவு தெரிந்துவிடும். சட்டை மெஷினில் டிபிஎக்ஸ்1, அதாவது பிடிப் பகுதி சுமார் 1.6 மி.மீ. காம்பவுண்ட் மெஷின்களில் பெரும்பாலும் 135எக்ஸ்17 வரும், பிடி 2 மி.மீ. இருக்கும். எங்களுடையதில் மெல்லியதுதான் இருந்தது. மூலையில் விலகினதில் ஆச்சரியம் என்ன?

மெக்கானிக் இன்னொன்றும் காட்டினார். ஹெட்டில் வரிசை எண் இருக்க வேண்டிய இடத்தில் பெயிண்ட் தடிப்பாகப் பூசியிருந்தது. நீடில் பிளேட்டைக் கழற்றினால் ஊசித் துளையைச் சுற்றிப் பழைய ஊசிக் குத்துகள், பல் தேய்ந்து மொட்டை. புதுசு என்று சொல்லி விற்ற மெஷின் இது.

இதே கடையில் சொன்ன மற்ற பொய்களையும் சொல்லிவிடுகிறேன். “பேனர் பெரிசு, லாங் ஆர்ம் இல்லாமல் முடியாது” என்று, ஊசிக்கு வலது பக்கம் இடம் அதிகமுள்ள, விலை கூடிய மெஷினையும் தலையில் கட்டப் பார்த்தார். ஓரம் அடிக்கும்போது பேனர் முழுக்க ஊசிக்கு இடது பக்கம்தான் கிடக்கிறது, ஆர்முக்குள் போவது மடிப்பு மட்டும். தேவைப்படுவது இடது பக்கமும் பின்பக்கமும் அகலமான மேஜை. பேனரின் கனம் கீழே தொங்கினால் எந்த மெஷினும் இழுக்கத் திணறும். தோல் தைக்கும் வெட்டு முனை ஊசியைக் கொடுத்தார், அது உள்ளே இருக்கும் பாலியெஸ்டர் வலையையே அறுத்துவிடும். மோட்டார் கிளட்ச், பெடலை மிதித்ததும் வேகமெடுக்கும் ரகம். மெதுவாக ஓட்டுவது அதில் பெரிய வித்தை, வேகமாக ஓட்டினால் ஊசி சூடேறி பிவிசி உருகி ஊசியில் ஒட்டி நூல் அறும். இந்த வேலைக்கு, வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிற சர்வோ மோட்டார்தான். நூலும் வெயில் தாங்கும் பாண்டட் (இழை பிரியாமல் பூச்சு கொடுத்த) பாலியெஸ்டராக இருக்கட்டும், நைலான் வெயிலில் சீக்கிரம் வலுவிழக்கும்.

காம்பவுண்ட் ஃபீடிலும் குறை இல்லாமல் இல்லை. பல் வைத்த ஃபுட் பிரிண்டின் மேல் தடம் பதிக்கும், அதனால் வழவழப்பான ஃபுட் செட் சேர்த்துக் கேளுங்கள். “ஹாட் ஏர் வெல்டிங் போடலாமே” என்பவர்களுக்கு: ஃப்ளெக்ஸுக்குச் சரி, துணி பேனருக்கு ஆகாது.

கடைக்குப் போகும்போது உங்கள் ஃப்ளெக்ஸையே கொண்டு போங்கள், அவர்கள் கொடுக்கும் துண்டில் தைக்க விடாதீர்கள். ஒரே நீளத்தில் இரண்டு பட்டை வெட்டி, இரண்டிலும் 10 செ.மீ.க்கு ஒரு பேனாக் கோடு போட்டு, சேர்த்து வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், கையால் இழுக்கக் கூடாது. கோடுகள் கடைசி வரை நேருக்கு நேர் நிற்க வேண்டும். அடுத்து, மடித்த மூலை ஒன்றைத் தைக்கச் சொல்லுங்கள். “மூலையெல்லாம் அப்புறம் செட்டிங்கில் சரி பண்ணிடலாம்” என்று இழுத்தால் கிளம்பிவிடலாம்.

விற்றவர் இப்போது பாதிப் பணத்துக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை, எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். அவர் பிடித்துத் தொங்குவது பில்லில் அவரே எழுதின ‘ஹெவி டியூட்டி தையல் மெஷின் 1’ என்ற வரியைத்தான். அதில் மாடல் கிடையாது, ஃபீட் வகை கிடையாது. நல்ல வேளையாக, பேரம் பேசும்போது “வாக்கிங் ஃபுட், காம்பவுண்ட் ஃபீட், புதுசு” என்று அவர் அனுப்பின செய்தி எங்கள் போனில் பத்திரமாக இருக்கிறது. புகாரோடு அதையும், வரிசை எண் மறைத்த இடத்தின் படத்தையும், மெக்கானிக் எழுதிக் கொடுத்த சீட்டையும் இணைத்திருக்கிறோம்.