பழைய கணினியில் ஒலி: ஆன்டிஎக்ஸ் லினக்ஸும் மலை ஈரமும்

பழைய கணினியில் இலகு ரக லினக்ஸைப் போட்டு, ஒலி வரவில்லை என்றவுடன் அதை அழித்துவிட்டு வேறொரு லினக்ஸைப் போடுவதுதான் பலரும் செய்கிற வேலை. அதிலும் வராவிட்டால் மூன்றாவது ஒன்று. பல ஆண்டுகளாக ஒரே கணினியை ஆன்டிஎக்ஸ் லினக்ஸில் ஓட்டிவரும் அனுபவத்தில் சொல்கிறேன், அது வேண்டாத அலைச்சல். ஸ்பீக்கர் ஒயரில் தொடங்கி பிரவுசர் வரை ஒலி போகும் வழியில் எங்கோ ஓரிடத்தில் அடைத்திருக்கும். அந்த வழியைக் கீழிருந்து மேலாக வரிசையாகப் பார்க்கத் தெரிந்தால், பதினைந்து வயது தாண்டிய பெட்டியும் நன்றாகப் பாடும்.

எங்கள் வீடு கொடைக்கானல் மலைப்பாதையில் பெருமாள்மலைப் பக்கம். கணினி, வத்தலக்குண்டில் அசெம்பிள் செய்து வாங்கியது. இன்டெல் ஜி31 சிப்செட் மதர்போர்டு, 2.5 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் டூயல் கோர் இ5200, 2 ஜிபி ராம், 160 ஜிபி ஹார்டு டிஸ்க். ஒலிக்கு போர்டிலேயே ரியல்டெக் ஏஎல்சி662 சில்லு. 2008, 2009 வாக்கில் வாங்கிய மேசைக் கணினிகள் பலவற்றிலும் ஏறக்குறைய இதே சரக்குதான் இருக்கும் என்பதால், இங்கே சொல்வது நிறையப் பேருக்கு அப்படியே பொருந்தும். 2020 ஜனவரியில் விண்டோஸ் 7க்கான ஆதரவு நின்றபோது ஆன்டிஎக்ஸுக்கு மாறினேன். டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது, பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி இல்லாதது, ஐஸ்டபிள்யூஎம் என்ற எளிய சாளர மேலாளரோடு வருகிறது. பழைய பெட்டியின் மூச்சு வாங்காமல் ஓடுகிறது.

லினக்ஸில் ஒலியின் அடித்தளம் ஆல்சா. 1998இல் செக் நாட்டுக்காரரான யாரோஸ்லாவ் கைசேலா தொடங்கிய திட்டம்; 2003 டிசம்பரில் லினக்ஸின் உட்கருவான கர்னலின் 2.6 பதிப்பு வந்தபோது பழைய ஓஎஸ்எஸ் முறையின் இடத்தைப் பிடித்தது. சில்லோடு நேரடியாகப் பேசுவது இதுதான். இதன் தலைக்கு மேல் உட்கார்ந்து பல நிரல்களின் ஒலியைப் பங்கிட்டுத் தருபவை பல்ஸ்ஆடியோவும், அதற்குப் பின் வந்த பைப்வயரும். புதிய கணினிகளில் அவற்றின் வசதி பெரியது, மறுக்க மாட்டேன். ஆனால் 2 ஜிபி ராம் உள்ள பெட்டியில், ஒரே ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கு, ஆல்சா மட்டுமே போதும் என்பது என் முடிவு. பார்க்க வேண்டிய அடுக்கு ஒன்று குறைகிறது. பழுது வந்தால் தேட வேண்டிய இடமும் குறைகிறது. இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டும் என்றால் ஆல்சாவுக்குள்ளேயே டிமிக்ஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

முதல் நாள் ஒலி வராததற்கு மிகப் பொதுவான காரணம், எல்லாம் மியூட்டில் இருப்பது. ஆல்சா தன் கால்வாய்களை மூடிய நிலையில்தான் தொடங்கும். கட்டளைகளை எழுதும் டெர்மினலில், ஒலி அளவுகளை மாற்றும் ஆல்சாமிக்சர் நிரலைத் திறந்தால் நெடுக்காகப் பட்டைகள் வரிசையாக நிற்கும். பட்டையின் அடியில் 'எம்எம்' என்று இருந்தால் மூடியிருக்கிறது, '00' என்று இருந்தால் திறந்திருக்கிறது. எம் விசையை அழுத்தினால் மாறும். மாஸ்டர், பிசிஎம், ஃப்ரண்ட் மூன்றையும் திறந்து ஏற்றிவிட்டு, 'ஸ்பீக்கர்-டெஸ்ட்' கட்டளையைப் பேச்சு ஒலியோடு ஓட்டிப் பாருங்கள். 'ஃப்ரண்ட் லெஃப்ட்', 'ஃப்ரண்ட் ரைட்' என்று ஒரு பெண் குரல் இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறி ஒலிக்க வேண்டும். அதற்கும் முன்னால், ஸ்பீக்கர் பின்னை ஒரு கைப்பேசியில் செருகிப் பார்த்துவிடுவது நல்லது. ஒயர் அறுந்திருந்தால் லினக்ஸ் என்ன செய்யும்?

இனி நான் விரிவாகச் சொல்ல விரும்புவது மலைக்காரர்களை மட்டும் வாட்டும் ஒரு தொல்லை. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மேகம் வீட்டுக்குள் நுழைந்து போகும். தீப்பெட்டி நமத்துப் போகும், அலமாரித் துணியில் பூஞ்சை பூக்கும். அப்படி ஒரு மழைக்காலத்தில் கணினியின் ஒலி திடீரென்று நின்றது. ஆல்சாமிக்சரில் எல்லாம் திறந்திருக்கிறது, பட்டைகள் உச்சியில் நிற்கின்றன, பாட்டு ஓடுவதாகத் திரை காட்டுகிறது, ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை. கீழே கடைக்குக் கொண்டுபோனபோது, "போர்டில் சவுண்டு போய்விட்டது அண்ணே, யூஎஸ்பி சவுண்டு கார்டு ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார் கடைத் தம்பி.

போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2004இல் இன்டெல் கொண்டுவந்த எச்டி ஆடியோ முறையில், ஒவ்வொரு ஜாக்கிலும் பின் செருகியிருக்கிறதா என்று சில்லால் அறிந்துகொள்ள முடியும். ஜாக்கின் உள்ளே ஒரு சிறு உலோகத் தகடு இருக்கிறது. பின் நுழையும்போது அது நகர்ந்து, "ஹெட்போன் வந்துவிட்டது" என்று சில்லுக்குத் தெரிவிக்கும். உடனே டிரைவர் பின்பக்க ஸ்பீக்கரை மூடிவிடும். கேபினெட்டின் முன்பக்க ஜாக்கில் ஈரமும் தூசியும் சேர்ந்து அந்தத் தகட்டில் களிம்பு ஏறினால், ஒன்றும் செருகாதபோதும் ஹெட்போன் இருப்பதாகவே சில்லு நம்பும். எங்கள் கணினியில் நடந்தது அதுதான். முன்பக்கத்தில் ஹெட்போனைச் செருகிக் கேட்டால் பாட்டு தெளிவாக வந்தது. இந்தக் கோளாறுக்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை.

தீர்வு இரண்டு. ஆல்சாமிக்சரில் வலது கடைசிக்குப் போனால் 'ஆட்டோ-மியூட் மோட்' என்று ஒன்று இருக்கும். அதை 'டிசேபிள்டு' ஆக்கினால் பின்பக்க ஸ்பீக்கர் அந்த நொடியே உயிர் பெறும். இது தற்காலிகம். நிலையான தீர்வு, மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பஞ்சு சுற்றிய மெல்லிய குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்து ஜாக்கின் உட்புறத்தைத் துடைப்பது. பஞ்சு பச்சை கலந்த கறுப்பாக வெளியே வரும். நன்றாக உலர்ந்த பிறகு ஒரு பின்னைச் சில முறை செருகி எடுத்தால் தகடு தன் இடத்துக்குத் திரும்பிவிடும். அதன் பிறகு மழைக்காலத்தில் முன்பக்க ஜாக்குகளுக்கு ரப்பர் மூடி போட்டு வைக்கிறேன். கணினியையும் தினமும் சற்று நேரமாவது ஓடவிடுகிறேன். பெட்டிக்குள் இருக்கும் வெப்பமே ஈரத்தை விரட்டுகிறது.

மலையின் அடுத்த சோதனை மின்வெட்டு. ஒலி அளவைச் சரியாக வைத்துவிட்டு வேலை செய்வோம். மரம் விழுந்து கரண்ட் போகும். மறுபடி கணினியைப் போட்டால் அளவுகள் பழைய இடத்தில் நிற்கும். முறையாக அணைக்கும்போதுதான் ஆல்சா தன் அளவுகளைச் சேமிக்கிறது, பொட்டென்று அணைந்தால் சேமிக்க வாய்ப்பே இல்லை. அளவுகளைச் சரிசெய்த கையோடு 'ஆல்சாசிடிஎல் ஸ்டோர்' (alsactl store) கட்டளையை ரூட் உரிமையோடு ஒருமுறை கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. இடிக்குப் பயந்து இரவில் பிளக்கையே பிடுங்கி வைக்கும் வீடுகளில் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரியும் விரைவில் தீரும். அது தீர்ந்தால், கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸின் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். முன்பக்க ஆடியோ எச்டி வகையா, அதற்கு முந்தைய ஏசி97 வகையா என்ற தேர்வும் அதில் அடக்கம். கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய், இணையதளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டத் தொடங்கினால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். செலவு மிகக் குறைவு.

பிள்ளைகளின் இணைய வகுப்புக்காக மைக் உள்ள வெப்கேமரா வாங்கியபோது இன்னொரு சிக்கல் முளைத்தது. ஆல்சா சவுண்ட் கார்டுகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும். பூஜ்ய எண்ணுக்குத்தான் ஒலியை அனுப்பும். கணினி எழும்போது வெப்கேமரா முந்திக்கொண்டு பூஜ்யத்தைப் பிடித்துவிட்டால், அதில் ஸ்பீக்கரே இல்லாததால் எங்கும் அமைதிதான். ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. இப்படி மாறி மாறி நடந்தால் கார்டு வரிசையைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆல்சாமிக்சரில் எஃப்6 அழுத்தினால் எந்தக் கார்டு எந்த எண்ணில் இருக்கிறது என்று தெரியும். யூஎஸ்பி ஆடியோ டிரைவரின் அமைப்பில் இண்டெக்ஸ் மதிப்பை -2 என்று எழுதினால், அது முதல் இடத்துக்குப் போட்டி போடாது. அதன் பிறகு வரிசை மாறவே இல்லை.

பாட்டு நின்று சற்று நேரம் கழித்து ஸ்பீக்கரில் 'டக்' என்று ஒரு சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். மின்சாரம் மிச்சப்படுத்தச் சில்லு உறங்கப் போகிறது. எச்டிஏ-இன்டெல் டிரைவரில் 'பவர் சேவ்' மதிப்பைப் பூஜ்யம் ஆக்கினால் நிற்கும். பிரவுசரில் மட்டும் ஒலி வராவிட்டால் காரணம் வேறு. மொசில்லா நேரடியாகத் தரும் ஃபயர்பாக்ஸ், 2017இல் வந்த 52ஆம் பதிப்பிலிருந்து பல்ஸ்ஆடியோவைத்தான் எதிர்பார்க்கிறது. ஆல்சா மட்டும் உள்ளவர்கள் ஏபல்ஸ் என்ற சிறு நிரலின் வழியாக அதைத் திறக்கலாம். குரோமியம் ஆல்சாவோடு நேராகவே ஒத்துப்போகிறது.

இந்தக் கணினியை நான் இன்னும் வைத்திருப்பதற்கு உண்மையான காரணம் கேசட்டுகள். அம்மா பாடிய தாலாட்டு, கோயில் திருவிழாவில் பெண்கள் சேர்ந்து அடித்த கும்மி, பாட்டியின் பேச்சு என்று அப்பா டேப் ரெக்கார்டரில் பதிந்து வைத்த நாடாக்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. சிலவற்றில் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. வெளிக்கருவியின் ஒலியை உள்வாங்கும் லைன்-இன் ஜாக் இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் கிடையாது. இந்தப் பழைய போர்டின் பின்புறத்தில் நீல நிற ஜாக்காக அது இருக்கிறது. டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து இரு முனையும் 3.5 மிமீ பின் உள்ள ஒயர் ஒன்று போதும். மைக்குக்கான இளஞ்சிவப்பு ஜாக்கில் செருகினால் ஒலி உடைந்து கரகரக்கும், நீலத்தில்தான் செருக வேண்டும்.

ஆல்சாமிக்சரில் எஃப்4 அழுத்தினால் பதிவுப் பக்கம் வரும். 'இன்புட் சோர்ஸ்' என்பதில் லைனைத் தேர்ந்து, 'கேப்சர்' பட்டையில் ஸ்பேஸ் விசையை அழுத்தினால் அதன் அடியில் சிவப்பு எழுத்துகள் தோன்றும். பதிவு திறந்துவிட்டது என்று பொருள். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் மிக உரத்த இடமும் -6 டெசிபலைத் தாண்டாதபடி டேப் ரெக்கார்டரின் ஒலியைக் குறைத்து வையுங்கள். அளவு மீறி உடைந்த குரலைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோவில் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10.6 எம்பி ஆகும்; 60 நிமிடக் கேசட் ஒன்று 635 எம்பி அளவில் முடியும். ஃபிளாக் வடிவில் சேமித்தால் தரம் குறையாமல் கோப்பு சிறிதாகும். ஜாக்கைத் துடைத்த அதே ஆல்கஹாலால் டேப்பின் ஹெட்டையும் ஒவ்வொரு நாடாவுக்குப் பிறகும் துடைத்தேன். பூஞ்சை ஹெட்டில் ஒட்டினால் அடுத்த நாடாவின் குரல் மூடுண்டுபோகும்.

கரண்ட் இல்லாத நேரத்தில் இன்வெர்ட்டரில் பதிவு செய்ய வேண்டாம். மலிவான ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரின் இரைச்சல் பதிவிலும் ஏறிவிடும். சுவர்ப் பிளக்கில் எர்த் சரியாக இல்லாவிட்டால் மின்வாரியக் கரண்டிலும் 50 ஹெர்ட்ஸ் முனகல் கேட்கும். எங்கள் வீட்டில் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்த பிறகுதான் பாட்டியின் குரலுக்குப் பின்னால் இருந்த அந்த முனகல் போனது. நாடாவிலேயே இருக்கிறது என்று அதுவரை வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம்.

குறைகளும் உண்டு. புளூடூத் ஸ்பீக்கர் வேண்டும் என்பவர்களுக்கு ஆல்சா மட்டும் உள்ள ஏற்பாட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் பைப்வயருக்குப் போவதே நல்லது. ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனியாக ஒலி அளவு வைக்கும் வசதியும் இதில் இல்லை. ஏதாவது ஒரு நிரல் சில்லை நேரடியாகப் பிடித்துக்கொண்டால் மற்றவற்றுக்கு 'டிவைஸ் பிசி' என்று பதில் வரும். அதை மூடிய பிறகுதான் அடுத்ததைத் திறக்க முடியும். இ5200 போன்ற 64 பிட் செயலி உள்ளவர்கள் கவலையின்றி இதே வழியில் தொடரலாம். 32 பிட் மட்டும் உள்ள இன்னும் பழைய பெட்டி என்றால், 2025இல் வந்த டெபியன் 13இல் அதற்கான நிறுவி இல்லை என்பதை நினைவில் வைத்து, டெபியன் 12ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23இன் 32 பிட் பதிப்பை இறக்கி ஒரு பென்டிரைவில் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ளுங்கள்.