சிங்கப்பூரின் தென் தீவுகளுக்குப் படகு வாடகைக்கு எடுக்கிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை வருகிறது. லாசரஸ், செயின்ட் ஜான்ஸ் பக்கம் படகில் போய்க் குளித்துவிட்டு வரலாம் என்று பல குடும்பங்கள் இப்போதே விலை விசாரிக்க ஆரம்பித்திருப்பார்கள். ஜூன் விடுமுறையில் நாங்கள் அப்படித்தான் போனோம். பணமும் போயிற்று, பிள்ளைகளோடு நடுக்கடலில் மாட்டிக்கொள்ளவும் பார்த்தோம். விவகாரம் இன்னும் முடியாததால் படகு வாடகைக்கு விட்டவர்கள் பெயரைப் போடவில்லை. ஆனால் என்ன நடந்தது, எங்கே எங்கே கவனிக்க வேண்டும் என்பதை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

திருச்சியிலிருந்து அத்தையும் மாமாவும் வந்திருந்தார்கள். அக்கா குடும்பம், எங்கள் வீடு, பிள்ளைகள் எல்லாம் சேர்த்து 11 பேர். காலை 9 மணியிலிருந்து 1 மணி வரை படகு, கயாக், நின்றபடி துடுப்பு போடும் பலகை எல்லாம் உட்பட 720 வெள்ளி என்று விளம்பரம். மற்ற இடங்களில் கேட்டதைவிடக் குறைவுதான், ஆனால் சந்தேகப்படும் அளவுக்குக் குறைவில்லை. வாட்ஸ்அப்பில் பேசியவர் தமிழர். "அக்கா, குடும்பமா வர்றவங்களத்தான் நாங்க அதிகமா கூட்டிட்டுப் போறோம், கவலையே படாதீங்க" என்றார். படகுக்கு உரிமம் இருக்கிறதா, சின்னப் பிள்ளைகளுக்கு அளவான லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, வேறு யாரையும் எங்களோடு ஏற்றுவீர்களா, மழை இடி வந்தால் என்ன செய்வீர்கள் என்று எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டேன். உரிமம் உண்டு, ஜாக்கெட் உண்டு, உங்கள் குடும்பம் மட்டும்தான், வானிலை சரியில்லை என்றால் வேறு தேதி தருவோம் என்று வரிக்கு வரி பதில் வந்தது. முழுப் பணத்தோடு 300 வெள்ளி பாதுகாப்பு முன்பணமும் கேட்டார்கள். நிறுவனப் பெயரும் யூஇஎன் என்ற நிறுவனப் பதிவு எண்ணும் போட்ட ரசீது அனுப்பினார்கள். ஆனால் பேநவ் வழியாகப் பணம் அனுப்பச் சொன்னது மட்டும் ஒரு கைப்பேசி எண்ணுக்கு. ஏன் என்று கேட்டதற்கு, "கம்பெனி கணக்கை வேற பேங்க்குக்கு மாத்திட்டு இருக்கோம் அக்கா" என்றார்.

படகுத்துறைக்குப் போனால் படத்தில் பார்த்த வெள்ளைப் படகு இல்லை. அதைவிடச் சின்னது, பழையது, மேல்கூரைத் துணி ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. "அந்தப் படகு சர்வீஸுக்குப் போயிருக்கு, இதுவும் அதே மாதிரிதான்" என்றார் படகோட்டி. அதற்குள் நாங்கள் முன்பின் பார்த்திராத 4 பேர் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் பணம் கட்டி வந்தவர்கள், அவர்களுக்கும் தனிப் படகு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூரில் இயந்திரம் பூட்டிய உல்லாசப் படகு எதுவாக இருந்தாலும் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம் வேண்டும். அதிகபட்சம் எத்தனை பேரை ஏற்றலாம் என்பது அந்த உரிமத்திலேயே இருக்கும். ஓட்டுபவரிடம் அதற்கான ஓட்டுநர் உரிமம் தனியாக இருக்க வேண்டும். இரண்டையும் காட்டச் சொல்லிக் கேட்டேன். படகு உரிமத்தின் படம் ஒன்றைக் கைப்பேசியில் காட்டினார், அதில் 12 பேர் என்று இருந்தது. அவரையும் சேர்த்து நாங்கள் 16 பேர். ஓட்டுநர் உரிமம் வீட்டில் இருக்கிறதாம்.

அப்புறம் லைஃப் ஜாக்கெட். இருக்கைக்கு அடியில் ஒரு பெட்டி, திறந்ததும் பூஞ்சை வாடை. நங்கூரக் கயிறும் எரிபொருள் கேனும் மேலே அழுத்தி, ஜாக்கெட்டுக்குள் இருக்கும் நுரைப் பஞ்சு நசுங்கித் தட்டையாகிக் கிடந்தது. நுரைக்குள் இருக்கும் காற்றுதான் ஆளை மிதக்க வைக்கிறது, நசுங்கிப்போனால் மிதக்கும் சக்தி குறைந்துவிடும். சிலவற்றில் கொக்கி உடைந்து கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தார்கள். எல்லாமே பெரியவர்கள் அளவு. எந்த எடைக்கு ஏற்றது என்று உள்பக்கச் சீட்டில் போட்டிருக்கும், பார்த்தால் எதுவும் பிள்ளைகளுக்கானது இல்லை. "இறுக்கிக் கட்டினா போதும்" என்றார் அவர். அக்காவின் மகளுக்கு 5 வயது. அவளுக்கு ஒன்றை மாட்டி, எல்லா வாரையும் இறுக்கி, இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கினேன். ஜாக்கெட் அவள் காதைத் தாண்டி மேலே வந்துவிட்டது, உள்ளேயிருந்து கண் மட்டும் தெரிந்தது. தண்ணீரில் விழுந்தால் இதேதான் நடக்கும். ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை கீழே நழுவிவிடும். இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும், கரையில் நிற்கும்போதே ஒவ்வொரு பிள்ளைக்கும் செய்து பாருங்கள்.

பிள்ளைகளுக்குச் சரியான ஜாக்கெட் வராமலும் ஆட்கள் குறையாமலும் ஏற மாட்டோம் என்று நின்றோம். மாமா அதிகம் பேசாதவர், அவரே "கயித்த அவுக்காதீங்க தம்பி, மொதல்ல இதுக்கு வழி சொல்லுங்க" என்றார். கொஞ்சம் சத்தம் போட்டபிறகுதான் பக்கத்துப் படகிலிருந்து பிள்ளைகள் ஜாக்கெட் கடன் வாங்கி வந்தார்கள். அந்த 4 பேரும் பயந்துபோய் இறங்கிவிட்டார்கள், பாவம், அவர்கள் பணம் என்ன ஆயிற்றோ. புறப்படும்போது மணி 9.40. அந்த 40 நிமிடமும் எங்கள் 4 மணி நேரத்தில்தான் கழிந்தது.

லாசரஸ் கடற்கரை பிறை வடிவத்தில் உள்வாங்கி இருப்பதால் தண்ணீர் அமைதியாகத்தான் இருந்தது. அத்தைக்கு அதைப் பார்த்ததும் அத்தனை சந்தோஷம். படகோட்டி நங்கூரம் போட்டுவிட்டு, இயந்திரத்தை அணைக்காமலே பின்பக்க ஏணியை இறக்கி, பிள்ளைகளைக் குதிக்கச் சொன்னார். அந்த ஏணிக்கு எட்டிய தூரத்தில் படகைத் தள்ளும் சுழலி. புகை வருவதும் அதே இடத்தில்தான். படகுப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. இயந்திரம் ஓடும்போது பின்பக்கம் தொங்கிக்கொண்டு விளையாடும் பிள்ளைக்குத் தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால் நாம் கடல் ஒவ்வாமை என்று நினைத்துவிடுவோம். அணைத்தால்தான் பிள்ளைகள் இறங்குவார்கள் என்று சொன்னபிறகு முணுமுணுத்துக்கொண்டே அணைத்தார். ஏசி நின்றுவிடுமாம்.

கயாக்கைத் தண்ணீரில் இறக்கும்முன் அத்தான் அதைப் புரட்டிப் பார்த்தார், நல்லவேளை. தண்ணீர் வடிக்கும் துளைக்கு அடைப்பான் இல்லை. பிளாஸ்டிக் பையைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். கொஞ்ச தூரம் போவதற்குள் உள்ளே தண்ணீர் ஏறிக் கனத்துவிடும், திரும்பி வர முடியாது. துடுப்புப் பலகைக்குக் காலில் கட்டும் கயிறு இல்லை. ஆள் விழுந்தால் காற்று பலகையைத் தள்ளிக்கொண்டு போய்விடும், நீந்திப் பிடிக்க முடியாது. இந்த நிலையில் "சிஸ்டர்ஸ் தீவுப் பக்கம் போய்ப் பலகை ஓட்டலாமா, இன்னும் 80 வெள்ளிதான்" என்று கேட்டார். சிஸ்டர்ஸ் என்பது இரண்டு தீவு, அவற்றுக்கு நடுவில் நீரோட்டம் வேகமானது என்று கடலுக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். வேண்டாம் என்றுவிட்டோம்.

11 மணி வாக்கில் மேற்கே வானத்தில் கரும்பட்டை மாதிரி மேகம் கட்டியது. வீசிய காற்று சட்டென்று குளிர்ந்தது. சுமத்ராவிலிருந்து வரும் புயற்காற்று இது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடிவதற்கு முன்னும் காலையிலும் வரும், மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசி, இடி மின்னலோடு கொட்டித் தீர்த்துவிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடும். உடனே திரும்புங்கள் என்றேன். அவர் சொன்ன பதில்தான் நான் இதை எழுதக் காரணம்: "சீக்கிரம் திரும்பினா பணம் திருப்பித் தர முடியாது, அப்புறம் கேக்கக் கூடாது. இருந்தா 1 மணி வரைக்கும் இருக்கலாம்."

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சீக்கிரம் திரும்பினால் பணம் போச்சு என்று சொல்லிவிட்டால், கட்டிய காசுக்காகக் குடும்பமே உட்கார்ந்திருக்கும். மழைதானே, நனைந்தால் என்ன என்று தோன்றும். படகோட்டிக்கும் கையில் பணம் வந்துவிட்டது, அவசரம் இல்லை. வானிலை பார்த்து எடுக்க வேண்டிய முடிவைப் பணம் எடுக்கிறது. மோசமான ஜாக்கெட்டைவிட இந்த நிபந்தனைதான் எனக்குப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் ஜாக்கெட்டைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். முன்பதிவு செய்யும்போதே "புறப்பட்ட பிறகு இடி வந்து பாதியில் திரும்பினால் என்ன தருவீர்கள்" என்று தனியாகக் கேளுங்கள். புறப்படும் முன் ரத்து செய்வது வேறு, பாதியில் திரும்புவது வேறு. எங்களுக்குச் சொன்ன பதில் முதல் வகைக்கு மட்டும்தானாம், பிறகு அப்படித்தான் வாதாடினார்கள்.

பணம் போனால் போகட்டும் என்று அத்தான் சொல்லிவிட்டார், திரும்பினோம். கரைக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போதே காற்று பிடித்துக்கொண்டது. மழையில் எதிரே எதுவும் தெரியவில்லை. பெரிய கப்பல்கள் போகும் வழி அது, அவற்றின் அலையும் சேர்ந்து படகைத் தூக்கிப் போட்டது. அக்கா மகள் வாந்தி எடுத்தாள், அத்தை அவளை மடியில் இறுக்கிக்கொண்டு முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாரும் ஜாக்கெட் போட்டிருந்தோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் 300 வெள்ளி முன்பணத்தைக் கேட்டேன். துடுப்புப் பலகையில் கீறல், அதனால் தர முடியாது என்று ஒரு படம் அனுப்பினார்கள். நாங்கள் அந்தப் பலகையைத் தண்ணீரில் இறக்கவே இல்லை. ஏறியதுமே எல்லாச் சாமான்களையும் காணொளி எடுத்திருந்தேன், அதில் அதே கீறல் தெளிவாகத் தெரிகிறது. அதை அனுப்பியதும் என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள்.

ரசீதில் இருந்த யூஇஎன் எண்ணை, நிறுவனப் பதிவு விவரங்கள் இருக்கும் பிஸ்ஃபைல் தளத்தில் தேடினேன், இலவசம்தான். அந்த நிறுவனம் எப்போதோ மூடப்பட்டது என்று வந்தது. பணம் கட்டும் முன் நீங்களும் தேடிப் பாருங்கள். நிறுவனம் இயங்குகிறதா, பேநவ்வில் வரும் பெயர் அதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள், பொருந்தாவிட்டால் என்ன காரணம் சொன்னாலும் விட்டுவிடுங்கள்.

பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்தேன். பிறகு சிறு கோரிக்கை நடுவர் மன்றத்திலும் இணையம் வழியே மனுப் போட்டேன். 20,000 வெள்ளி வரை அங்கே கோரலாம், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000 வரை. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் வைக்க முடியாது, நாமேதான் பேச வேண்டும். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட பயனீட்டாளர் கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். சிக்கல் என்னவென்றால் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் நாம் கொடுக்க வேண்டும், இவர்கள் மறைப்பதே அதைத்தான். எனக்கு அந்த மூடப்பட்ட நிறுவனத்தின் விவரமும் பேநவ் பெயரும் கைகொடுத்தன. ஆட்களை அதிகம் ஏற்றியதைப் படங்களோடு கடல்துறை, துறைமுக ஆணையத்துக்கும் எழுதியிருக்கிறேன்.

கடலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெறும் கடற்கரை போதும் என்றால் மரீனா சவுத் பியரிலிருந்து செயின்ட் ஜான்ஸுக்குப் படகுச் சேவை இருக்கிறது, அங்கிருந்து இணைப்புப் பாதையில் நடந்தே லாசரஸுக்குப் போகலாம். கயாக் ஆசை இருந்தால் மக்கள் கழகத்தின் நீர் விளையாட்டு மையங்கள் ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் போன்ற இடங்களில் இருக்கின்றன, பயிற்சி வகுப்பும் உண்டு. எங்கே போனாலும் புறப்படும் முன் மைஇஎன்வி என்ற வானிலைச் செயலியில் மழை மேகப் படத்தைப் பாருங்கள். இடி கேட்டால் தண்ணீரை விட்டு வெளியே வாருங்கள், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரமாவது காத்திருங்கள்.

நடுவர் மன்றத்தில் முதல் ஆலோசனைக்குத் தேதி வந்துவிட்டது. கிழிந்த கூரைத் துணி, தனிப் படகு என்று சொல்லி வேறு ஆட்களையும் ஏற்றுவது, கைப்பேசி எண்ணுக்குப் பேநவ், கீறல் என்று முன்பணத்தைப் பிடிப்பது, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். முக்கியமாக அன்று இறங்கிப் போன அந்த 4 பேரில் யாராவது இதைப் படித்தால், உங்கள் ரசீதும் என்னுடையதும் சேர்ந்தால் இரண்டு பேருக்கும் நல்லது.