தண்டையார்பேட்டையில் ஓர் இறுதிச் சடங்கு சேவைக் கடை: புதுப்பித்த ஆவணங்களே அதன் முதல் தகுதி

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், தண்டையார்பேட்டைப் பகுதியில் உள்ள ஒரு இறுதிச் சடங்கு சேவைக் கடையை எங்கள் பெரியம்மா காலமானபோது அமர்த்தினோம். ஃப்ரீசர் பாக்ஸ், ஷாமியானா, நாற்காலிகள், அமரர் ஊர்தி எல்லாம் சொன்ன நேரத்திற்கு வந்து சேர்ந்தன. ஆனால், அந்தக் கடையைப் பிறருக்குப் பரிந்துரைக்க என்னைத் தூண்டியது வேறொன்று: மாநகராட்சியின் தொழில் உரிமத்தையும் ஊர்தியின் ஆவணங்களையும், காலாவதித் தேதி தெரியும்படி, சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் இத்தொழில் செய்பவர் தனி உரிமம் பெற்று, அதைக் குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். நம்மிடம் அப்படியொரு தனி உரிமம் இல்லாததால், தொழில் உரிமம், வாகனத் தகுதிச் சான்று (எஃப்.சி.), காப்பீடு, புகைச் சான்று, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றைக் கொண்டுதான் ஒரு கடையை எடைபோட முடிகிறது. சடலத்தையும் உடன் செல்வோரையும் ஏற்றிச் செல்வதற்கு மட்டுமே பயன்படும் ஊர்திக்கு, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவு பெர்மிட்டிலிருந்து விலக்கு அளிக்கிறது. ஆனால் அந்த விலக்கு எஃப்.சி.க்குப் பொருந்தாது. எட்டு ஆண்டு வரையிலான வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்டதற்கு ஆண்டுதோறும் எஃப்.சி. புதுப்பிக்கப்பட வேண்டும். பழைய வேன்களை அமரர் ஊர்தியாக மாற்றி ஓட்டுவது நம் பகுதியில் வழக்கம் என்பதால், உறவினர்கள் நெருக்கி உட்காரும் அந்த வண்டியின் எஃப்.சி. தேதியை யாராவது ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். வண்டி எண்ணை, வாகன விவரங்களைக் காட்டும் அரசின் எம்பரிவாகன் செயலியில் இட்டுப் பார்த்தேன். சுவரில் இருந்த தேதிகளும் செயலி காட்டியவையும் ஒத்திருந்தன.

ஃப்ரீசர் பாக்ஸில் இந்தக் கடையின் அக்கறை இன்னும் நன்றாகத் தெரிந்தது. பெட்டியைச் சுற்றி ஈரத்தரையில் வெறுங்காலுடன் நின்று அழுபவர்களுக்கு மின்கசிவு உயிராபத்து. வந்த பணியாளர்கள் மூன்று முனை பிளக்கில்தான் இணைப்பு கொடுத்தார்கள். பெட்டியின் உலோகப் பகுதிகளில் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே எங்களை அருகில் விட்டார்கள். வீட்டில் நேர்ந்த மரணம் என்பதால், மருத்துவரிடம் இறப்பின் காரணத்தைக் குறிக்கும் 4ஏ படிவம் வாங்க வேண்டும் என்றும், 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் உரிமையாளர் தாமாகவே நினைவூட்டினார்.

குறைகளும் உண்டு. உரிமங்கள் தொங்கும் அதே சுவரில் கட்டணப் பட்டியல் இல்லை. ரசீதில் ‘இதர செலவு’ என்று ஒரு தொகை இருந்தது. கேட்ட பிறகுதான் அதைப் பிரித்துச் சொன்னார்கள். துயரத்தில் இருப்பவர் கேட்கத் தயங்குவார் என்பதால், இதைக் கடை கட்டாயம் திருத்திக்கொள்ள வேண்டும்.

ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையில் மரணம் நேர்ந்தால் தனியார் ஊர்தியே தேவையில்லை. 155377 என்ற எண்ணில் அரசின் இலவச அமரர் ஊர்தியை அழைக்கலாம். வீட்டில் நேரும் மரணங்களுக்கு இந்தக் கடையை நம்பி அமர்த்தலாம். வண்டி புறப்படும் முன் ஓட்டுநரின் உரிமத்தை மட்டும் கேட்டு வாங்கிப் பாருங்கள், அது சுவரில் இல்லை.